கேம் நிறுவனத்துக்குச் சொந்த மன்றம் எதற்கு?

பலர் சேர்ந்து ஆடும் ஒரு ஆன்லைன் கேமை உருவாக்கிக்கொண்டிருக்கும் சிறிய குழுவிலிருந்து வந்த கேள்வி இது: "ஆடுபவர்கள் பேசிக்கொள்ள ரெடிட்டும் டிஸ்கார்டும் இருக்கின்றன. காசும் கேட்பதில்லை. அப்படியிருக்க, நாங்களே எங்கள் பெயரில் ஓர் இணைய மன்றம் (ஃபோரம்) வைத்து நடத்த வேண்டுமா? அது பெரிய தலைவலி என்று எல்லோரும் சொல்கிறார்களே?"

தலைவலிதான். அப்படியும் நடத்துங்கள் என்றுதான் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. மன்றத்தில் எழுதப்படுவதைப் படித்து, டெவலப்பர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்து, அவர்கள் சொன்னதைத் திரும்ப வந்து எழுதுவதற்கு, சம்பளம் வாங்கும் ஒருவர் உங்களிடம் இருக்க வேண்டும். முழுநேரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் அது அவருடைய வேலை என்பது உள்ளே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அப்படி ஒருவரை ஒதுக்க முடியாதென்றால் மன்றம் திறக்கவே வேண்டாம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் ஒரு ஆன்லைன் கேமின் அதிகாரபூர்வ மன்றத்தில் சம்பளமில்லாத மாடரேட்டராக இருந்தேன். மேலே நிறுவனத்தின் பெயர் பெரிதாக இருக்கும். நிறுவனத்திலிருந்து ஒருவரும் உள்ளே எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஒருநாள் ஓர் ஆட்டக்காரர், இருவர் பொருள் மாற்றிக்கொள்ளும்போது ஒருவர் இணைப்பைத் துண்டித்தால் அந்தப் பொருள் இரண்டாகிவிடுகிறது என்று படிப்படியாக எழுதியிருந்தார். மற்றவர்கள் பார்த்துச் செய்துவிடக் கூடாதே என்று நான் உடனே அந்த இழையை (பதிவையும் அதன் பதில்களையும்) மறைத்துவிட்டு, எங்களுக்குத் தெரிந்த ஒரே மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பினேன். பதினோரு நாள் பதில் இல்லை. அதற்குள் வேறு சிலர் தாங்களாகவே அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மாதக்கணக்கில் உழைத்துச் சேர்த்த அரிய பொருட்கள் ஒரே வாரத்தில் குப்பை விலைக்கு வந்தன. கடைசியில் அந்த பக்கை, அதாவது மென்பொருள் பிழையை, சரிசெய்தபோது, பொருளைப் பெருக்கியவர்கள் என்று ஒரு பட்டியலே தடை செய்யப்பட்டது. முதலில் புகார் சொன்னவரும் அதில் ஒருவர், சோதித்துப் பார்த்தார் அல்லவா! அவர் புகார் கொடுத்ததற்கு வெளியே சாட்சியும் இல்லை, இழையை மறைத்தது நான்தானே. இன்றைக்கும் அதை நினைத்தால் மனது உறுத்துகிறது.

அங்கே மன்றமே இல்லாதிருந்தால் அவர் வேறு வழி தேடியிருப்பார். எங்கள் மன்றம் இருந்ததால், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டோம் என்று நம்பிக் காத்திருந்தார். ஆள் இல்லாத மன்றம் செய்யும் கெடுதல் இதுதான்.

சரி, அவ்வளவு ஆபத்து என்றால் ஏன் நடத்தச் சொல்கிறேன்? ஆன்லைன் கேம் விற்ற பிறகும் மாறிக்கொண்டே இருக்கும் பொருள். ஒருவர் நானூறு மணி நேரம் செலவழித்து வளர்த்த கதாபாத்திரத்தின் பலத்தை, ஒரு அப்டேட்டில் நீங்கள் பாதியாகக் குறைக்கலாம். அவர் காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பயனற்றதாக ஆக்கலாம். அவருடைய அக்கவுண்டையே மூடலாம். இவ்வளவு அதிகாரம் கையில் இருக்கும்போது, "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று ஆட்டக்காரர் கேட்கவும், அப்படிக் கேட்டது அழியாமல் இருக்கவும், நிறுவனம் தன் பெயரில் ஓர் இடம் தர வேண்டும் என்பது என் எண்ணம். எங்கோ ஓர் ஓரத்தில் பேசிக்கொண்டார்கள், எங்கள் கண்ணில் படவில்லை என்று சொல்ல முடியாத இடமாக அது இருக்க வேண்டும்.

ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் உருவாக்கிய விண்வெளி கேமான ஈவ் ஆன்லைனின் கதையை இந்தத் துறைக்கு வருகிற எவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2007இல் அங்கே ஒரு விவகாரம் வெடித்தது. நிறுவனத்தின் டெவலப்பர் ஒருவர், தான் ஆடிய அணிக்கு, ஆட்டத்தில் பொருள் தயாரிக்க உதவும் மதிப்புமிக்க வரைபடங்களை (ப்ளூபிரிண்ட்) முறைகேடாகக் கொடுத்திருந்தார். நம்பிக்கை அடியோடு ஆட்டம் கண்டது. அதற்கு நிறுவனம் செய்த பரிகாரங்களில் ஒன்று, ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒரு பிரதிநிதிகள் குழு. 2008 முதல் அது இயங்குகிறது. மூன்று வருடம் கழித்து அடுத்த புயல் வந்தது. 2011 ஜூனில் வந்த அப்டேட்டில், கதாபாத்திரம் கண்ணில் மாட்டிக்கொள்ளும் ஓர் ஒற்றைக்கண் கண்ணாடிக்கு அறுபது டாலருக்கு மேல் ஆகும்படி விலை வைத்தார்கள். அதே சமயம், காசுக்கு எதையெல்லாம் விற்கலாம் என்று நிறுவனத்துக்குள்ளே சுற்றிய இதழ் ஒன்றும் கசிந்தது. மன்றத்தில் இழைகள் குவிந்தன. விளையாட்டுக்குள்ளே, ஜிதா என்ற பெரிய சந்தை இருக்கும் நட்சத்திர மண்டலத்தில் கூடி, அங்கிருந்த நினைவுச்சின்னத்தைச் சுட்டுப் போராடினார்கள். நிறுவனம் பிரதிநிதிகள் குழுவை அவசரமாக ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்குக்கு வரவழைத்துப் பேசியது. அந்த வருடம் அக்டோபரில் தலைமை நிர்வாகி வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

இதை மன்றத்தின் தோல்வி என்று சொல்பவர்கள் உண்டு: மன்றம் இருந்ததால்தானே கோபம் திரண்டது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோபத்துக்குக் காரணம் விலையும் கசிந்த இதழும். அது வந்து சேர ஓர் இடமும், அதை எடுத்துச் சொல்ல ஓட்டு வாங்கிய சிலரும் இருந்ததால், பேசி முடிக்க ஒரு வழி கிடைத்தது.

இன்னொரு பக்கம் ஃபைனல் ஃபேண்டஸி 14. 2010 செப்டம்பரில் வந்து படுதோல்வி அடைந்த ஜப்பானிய ஆன்லைன் கேம். டிசம்பரில் தயாரிப்பாளரை மாற்றி, நவோகி யோஷிதாவிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அடுத்த வருடமே அதிகாரபூர்வ மன்றம் திறந்தது. ஒரு நிறுவனத்துக்கு மிகவும் வெட்கமான நேரம் அது. அப்போது போய், வாருங்கள், திட்டுங்கள் என்று கதவைத் திறக்கத் துணிச்சல் வேண்டும். ஜப்பானிய மொழி, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் என நான்கு மொழிகளில் பகுதிகள். டெவலப்பர்கள் ஜப்பானிய மொழியில் சொல்வதை மற்ற பகுதிகளுக்கு மொழிபெயர்த்துப் போட ஆட்கள். தயாரிப்பாளரே நேரில் வந்து எழுதினார். 2013 ஆகஸ்டில் கேமை முற்றிலும் புதிதாகக் கட்டி மறுபடி வெளியிட்டார்கள். அது பிழைத்து, செழித்தது. மன்றத்தால் மட்டும் அது நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இடைப்பட்ட காலத்தில், இருந்த கொஞ்சநஞ்ச ஆட்டக்காரர்களும் போய்விடாமல் காத்திருந்ததற்கு, யாரோ கேட்டுப் பதில் சொல்கிறார்கள் என்ற நிம்மதியும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

எதிர்ப்பக்கத்து வாதத்தையும் சும்மா தள்ளிவிட முடியாது. பயோவேர் என்ற கேம் நிறுவனம் 2016இல் தன் மன்றங்களில் பெரும்பாலானவற்றை மூடியது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸின் ரயட் கேம்ஸ் 2020இல் மூடியது. பேச்சு ஏற்கெனவே ரெடிட்டுக்கும் டிஸ்கார்டுக்கும் சமூக ஊடகங்களுக்கும் போய்விட்டது, ஆள் குறைந்த இடத்தைக் கட்டி மேய்ப்பதைவிட ஆட்கள் இருக்கும் இடத்துக்கே நாம் போவோம் என்பதுதான் அந்த வாதத்தின் சாரம். நியாயமான பேச்சு. ஆனால் பயோவேர் மூடியதும் நடந்ததைப் பாருங்கள்: அங்கே பழகியவர்கள் தாங்களே வேறு மன்றம் அமைத்துக் கூட்டமாகக் குடிபெயர்ந்தார்கள். நிதானமாக, நீளமாக, நாள்கணக்கில் ஒரே விஷயத்தைப் பேசும் இடம் வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு இருந்தது.

டிஸ்கார்ட் அந்த ஆசைக்கு ஈடாகாது. அது அரட்டைக்கு அருமையான இடம், அணி சேர்க்க அதைவிட நல்லது கிடையாது. ஆனால் காலையில் ஒருவர் சொன்ன பக் மாலைக்குள் ஆயிரம் செய்திகளுக்கு மேலே போய்விடும். வெளியே தேடுபொறியில் தேடினால் அங்கே பேசியது வராது. அதே கேள்வியை அடுத்த நாள் வேறொருவர் கேட்பார், அதற்கு மறுநாள் இன்னொருவர். பதில் சொல்பவர் ஒரு கட்டத்தில் களைத்துப்போய், "மேலே தேடிப் பாருங்கள்" என்று சிடுசிடுப்பார். புதிதாக வந்தவருக்கு முகத்தில் அடித்தாற்போல இருக்கும்.

ரெடிட்டில் தேடலாம், இழை நிற்கும். ஆனால் அங்கே எது மேலே வரும் என்பதை ஓட்டு தீர்மானிக்கிறது. 2017 நவம்பரில் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2 கேமில், டார்த் வேடர் என்ற பிரபல வில்லன் பாத்திரத்தைப் பெற அறுபதாயிரம் கிரெடிட் (ஆட்டத்துக்குள் சேர்க்கும் காசு) சேர்க்க வேண்டும் என்பதை ஒருவர் குறை சொல்ல, அதை வெளியிட்ட இஏ நிறுவனம் அங்கே ஒரு பதில் எழுதியது. "பெருமையும் சாதனை உணர்வும்" என்கிற மாதிரி ஒரு விளக்கம். ஆறரை லட்சத்துக்கும் மேலான எதிர் ஓட்டு விழுந்து, அது கின்னஸ் பதிவிலேயே ஏறியது. பதில் மோசமானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் நடைமுறையில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: எதிர் ஓட்டு அதிகம் விழுந்த பதிலை ரெடிட் சுருக்கி மறைத்துவிடும். நிறுவனம் என்ன சொன்னது என்று தேடி வருபவர், அதை விரித்துப் படிக்க வேண்டியிருக்கும். பிடிக்காத செய்தியைச் சொல்ல வேண்டிய நாள் எல்லா நிறுவனத்துக்கும் வரும். அது கண்ணில் படாமல் போகிற இடத்தில் அதைச் சொல்வது உங்களுக்கும் நல்லதல்ல, ஆட்டக்காரருக்கும் நல்லதல்ல.

அப்புறம், அந்த வீடு உங்களுடையது அல்ல. 2023 ஜூனில் ரெடிட் நிறுவனம் கொண்டுவந்த கட்டண மாற்றத்தை எதிர்த்து ஆயிரக்கணக்கான குழுக்கள் கதவைச் சாத்தின. கேம் குழுக்களும் அதில் சேர்ந்தன. அந்தச் சண்டைக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இருக்காது. ஆனாலும் உங்கள் ஆட்டக்காரர் அன்றைக்கு எங்கே போய்க் கேட்பார்?

சொல்ல இடமே இல்லை, அல்லது சொன்னாலும் செவிடன் காதில் ஊதிய சங்கு என்று ஆட்டக்காரர்களுக்குத் தோன்றிவிட்டால், உங்களுக்கு எங்கே வலிக்குமோ அங்கே போய்ச் சொல்வார்கள். 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 கேமில், ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் வாங்கியவர்களும் பிளேஸ்டேஷன் அக்கவுண்டை இணைத்தே ஆக வேண்டும் என்று சோனி அறிவித்தபோது, சில நாட்களில் இரண்டு லட்சத்துக்கும் மேலான எதிர்மறை விமர்சனங்கள் ஸ்டீமில் குவிந்தன. சோனி பின்வாங்கியது. மன்றம் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று சொன்னால் பொய். முடிவே தவறு, எங்கே பேசினாலும் அது வெடித்திருக்கும். ஆனால் சின்னச் சின்ன மனக்குறைகளை ஆற அமரக் கேட்டுப் பழகிய நிறுவனத்துக்கு, இப்படி ஒரு முடிவை அறிவிப்பதற்கு முன்பே நாடி தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

சொந்த மன்றத்துக்கு இன்னொரு பெரிய பலம் உண்டு. அது ஆட்ட அக்கவுண்டோடு சேர்ந்தது. எழுதுபவர் உண்மையில் ஆடுபவர்தானா, எந்த சர்வரில், எந்தக் கதாபாத்திரம் என்பதெல்லாம் தானாகத் தெரியும். நியூசிலாந்தின் கிரைண்டிங் கியர் கேம்ஸ் நடத்தும் பாத் ஆஃப் எக்ஸைல் கேமின் மன்றத்தில், ஆட்டக்காரர் தன் பெட்டியில் இருக்கும் பொருளையே பதிவில் காட்ட முடியும். அதை வைத்து ஆளுக்கொரு இழையில் கடை விரித்தார்கள். அந்த இழைகளையெல்லாம் படித்து, எந்தப் பொருள் என்ன விலை என்று தேடித் தரும் தளங்களை ரசிகர்களே கட்டினார்கள். மன்றமே ஒரு சந்தையாகிவிட்டது! பிறகு நிறுவனம் அதற்கென்று தனி வசதி செய்து கொடுத்தது. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. ஆட்டக்காரர்கள் என்ன தேவை என்பதைப் பேசாமலேயே செய்து காட்டிவிட்டார்கள்.

ஆனால் அக்கவுண்டோடு சேர்ப்பதில் இரண்டு இடத்தில் கால் வழுக்கும். முதலாவது, ஆளின் அடையாளம். 2010 ஜூலையில், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமின் பிளிசார்ட் நிறுவனம், தன் மன்றங்களில் இனி எழுதுபவரின் உண்மைப் பெயர் காட்டப்படும் என்று அறிவித்தது. வம்பு பேசுபவர்கள் அடங்குவார்கள் என்பது அவர்கள் கணக்கு. நிறுவன ஊழியர் ஒருவர் முன்மாதிரியாகத் தன் பெயரைப் போட, கொஞ்ச நேரத்திலேயே அவருடைய சொந்த விவரங்களையெல்லாம் தோண்டி எடுத்துவிட்டார்கள். மூன்றே நாளில் திட்டத்தைக் கைவிட்டார்கள். அக்கவுண்டுக்குப் பின்னால் யார் என்பது உங்களுக்குத் தெரிந்தால் போதும். ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. பெண்களுக்கும் சிறு வயதினருக்கும் இது உயிர் நாடியான விஷயம்.

இரண்டாவது, பாதுகாப்பு. 2011 நவம்பரில் ஸ்டீமின் மன்றத்தை யாரோ உடைத்தார்கள். விசாரித்தபோது, பயனர் விவரங்கள் இருந்த ஸ்டீமின் தரவுத்தளம் வரைக்கும் அவர்கள் கை நீண்டிருந்தது தெரியவந்தது. இலவசமாகக் கிடைத்த மன்ற மென்பொருளை நிறுவிவிட்டு, அப்டேட் செய்யாமல் மறந்துவிடும் வழக்கம் சின்னக் குழுக்களில் நிறைய. அது புழக்கடைக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவது மாதிரி. பராமரிக்க ஆள் இல்லையென்றால் அந்த வேலையை வாடகைக்குச் செய்து தரும் சேவைகள் உண்டு, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். மன்றமும் கேம் சர்வரும் வேறு வேறு இயந்திரங்களில் இருக்கட்டும். கேம் விழுந்த நேரத்தில்தான் எல்லோரும் மன்றத்துக்கு ஓடி வருவார்கள். அதுவும் சேர்ந்து விழுந்துவிடக் கூடாது.

மன்றத்தில் பேசுபவர்கள் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் பிரதிநிதிகள் அல்ல என்பதை மறக்காதீர்கள். இணையக் குழுக்களில் நூற்றில் தொண்ணூறு பேர் பார்த்துவிட்டுப் போவார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார் என்று இணையதளப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 2006இல் ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். என் அனுபவமும் கிட்டத்தட்ட அப்படித்தான். அந்த ஒருவருக்காகக் கேமையே மாற்றினால் மற்றவர்கள் சத்தமில்லாமல் போய்விடுவார்கள்.

அதற்காக அந்தச் சிலரை அலட்சியம் செய்யவும் கூடாது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் பழைய வடிவத்தை அப்படியே மறுபடி தாருங்கள் என்று மன்றத்தில் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2013இல் பிளிசார்டின் ரசிகர் மாநாடான பிளிஸ்கான் மேடையில், வேண்டும் என்று நினைக்கிறீர்கள், ஆனால் உண்மையில் உங்களுக்கு வேண்டாம் என்ற பொருளில் பதில் வந்தது. ஆறு வருடம் கழித்து, 2019 ஆகஸ்டில், அதே நிறுவனம் அந்தப் பழைய வடிவத்தை வெளியிட்டது. உள்ளே நுழையவே மணிக்கணக்கில் வரிசை நின்றது.

இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல வழியைப் பழைய ரூன்ஸ்கேப் காட்டியிருக்கிறது. 2013இல் ஆட்டக்காரர்களின் ஓட்டை வைத்தே பிறந்தது அந்தப் பதிப்பு. பிறகும் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதென்றால் பெரும்பாலும் விளையாட்டுக்குள்ளேயே ஓட்டெடுப்பு. முதலில் 75 சதவீதம் ஆதரவு வேண்டும் என்று வைத்திருந்தார்கள். மன்றத்துக்கு வராதவரும் ஓட்டுப் போடலாம். எங்கே வலிக்கிறது என்பதை மன்றத்தில் கேளுங்கள். என்ன மருந்து என்பதை எல்லோரிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆட்டக்காரர்கள் இருந்தால், 2024 பிப்ரவரியிலிருந்து, ஒரு பதிவை நீக்கினால் எழுதியவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். சிறிய நிறுவனங்களுக்கும் இது உண்டு. பிரிட்டனில் 2025 மார்ச் முதல், சட்டவிரோதப் பதிவுகளால் என்ன ஆபத்து என்று மதிப்பீடு எழுதி வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 13 வயதுக்குக் குறைந்தவர்களின் விவரங்களைச் சேகரிக்கப் பெற்றோர் சம்மதம் தேவை. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் திறப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள்.

உங்கள் ஊழியர்களை நினைத்தும் மன்றம் நல்லது. 2018 ஜூலையில் கில்ட் வார்ஸ் 2 கேமின் எழுத்தாளர்கள் இருவர், தங்கள் சொந்த ட்விட்டர் கணக்கில் ஓர் ஆட்டக்காரரோடு நடந்த வாக்குவாதத்தைத் தொடர்ந்து வேலையிழந்தார்கள். வேலைக்கும் சொந்த வாழ்க்கைக்கும் நடுவே கோடு இல்லாதபோது இப்படித்தான் ஆகும். மன்றத்தில் அலுவலகப் பெயர், அலுவலக நேரம், வசை வந்தால் நீக்க மாடரேட்டர் எல்லாம் உண்டு. சொந்தக் கணக்கில் வந்து கேட்பவரிடம், "மன்றத்தில் எழுதுங்கள், அங்கே பதில் சொல்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம்.

உங்களைப் போன்ற குழு எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. அரட்டை, அணி சேர்ப்பது, ஆட்ட நுணுக்கங்கள், ரசிகர் ஓவியங்கள் எல்லாம் டிஸ்கார்டிலேயே நடக்கட்டும். அதை ஆட்டக்காரர்கள் நம்மைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் மன்றத்தில் மூன்றே பகுதி போதும்: அப்டேட் அறிவிப்பும் அதன் மேல் பேச்சும், பக் புகார், கருத்து. தடை செய்யப்பட்டவர்களின் முறையீட்டைத் தனிக் கடிதமாக வாங்குங்கள், பொதுவில் வேண்டாம்.

பக் பகுதிக்கு ஃபேக்டோரியோ குழுவின் மன்றத்தைப் போய்ப் பாருங்கள். வந்த புகார் ஆராயப்படுகிறதா, சரியாகிவிட்டதா, பக்கே இல்லையா, சரிசெய்யப் போவதில்லையா என்று இழைகளைத் தனித்தனிப் பகுதிகளுக்கு நகர்த்திவிடுவார்கள். சரிசெய்யப் போவதில்லை என்பதற்குக்கூட ஓர் இடம் இருக்கிறது பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. ஆட்டக்காரர் "முடியாது" என்ற பதிலைத் தாங்கிக்கொள்வார். மௌனத்தைத்தான் தாங்க மாட்டார்.

ஊழியர்கள் எழுதிய பதில்கள் தனி நிறத்தில் தெரியட்டும், எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் தொகுத்துக் காட்டுங்கள். வசையை நீக்குங்கள், விமர்சனத்தை நீக்காதீர்கள். ஆபத்தான பக் என்றால் இழையை மறைக்கலாம்; ஆனால் மறைத்த அன்றே, இன்னார் இன்ன தேதியில் புகார் கொடுத்தார் என்று உள்ளே பதிவு செய்து, அவருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். வாரத்துக்கு எட்டு மணி நேரம் ஒருவரால் ஒதுக்க முடியுமானால், தொடக்கத்தில் சில ஆயிரம் ஆட்டக்காரர்கள் வரை இது சமாளிக்கக் கூடியதுதான். மாடரேட்டர்களாக ஆட்டக்காரர்களைச் சேர்க்கிறீர்கள் என்றால், அவர்கள் இரவு பத்து மணிக்கு அழைத்தாலும் எடுக்கும் ஓர் ஊழியரின் எண்ணை முதல் நாளே அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.